சைக்கிளும் தைரியமும்

நம் ஊர்ப் பக்கம் லாரிக்குக் குறுக்கே சைக்கிள் வந்துவிட்டால், டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்கும் கேள்வி வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "என்ன, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" மும்பையில் அவ்வளவு சுற்றி வளைப்பதில்லை. "மர்னா ஹை க்யா?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். சாக வேண்டுமா என்று பொருள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்த நான், முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தவன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1983-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றேன். மான்குர்த் வாசி. ஹார்பர் லைனில் மான்குர்த்தே கடைசி ஸ்டேஷனாக இருந்த காலத்தையும், 1992-இல் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கிய நாளையும் பார்த்தவன். கொரோனா அடங்கிய பிறகு, முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் 2021 கடைசியில் ஒரு சைக்கிள் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை தோறும் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அதில் போய் வருவது என்று தீர்மானித்தேன். என் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. "முருகனைப் பார்க்கப் போறீங்களா, முருகன்கிட்டேயே போறீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மான்குர்த்திலிருந்து செட்டா நகருக்குப் போக வேண்டுமானால் காட்கோபர்–மான்குர்த் இணைப்புச் சாலையில் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் அதன்மேல் மேம்பாலம் திறந்தார்கள். பாலத்துக்கு அடியில் உள்ள பழைய சாலையில் தண்ணீர் டேங்கர், தேவனார் குப்பை மேட்டுக்குப் போகும் லாரி, டெம்போ, ஆட்டோ ரிக்‌ஷா, கைவண்டி, ஆடு, மனிதர் என்று எல்லாமே போகும். அந்தச் சாலையில் நான் கற்றுக்கொண்டதையும், கற்றுக்கொண்டதாக நினைத்து ஒரு பையனுக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். இரண்டாவதை எழுத எனக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஓரத்தில் போனவன்

முதல் சில வாரங்கள் எனக்குப் பயம். பயந்தவன் எங்கே போவான்? ஓரத்துக்குத்தான் போவான். சாலையின் இடது விளிம்பை ஒட்டிக்கொண்டே போனேன். விளிம்பில் என்னென்ன இருக்கும் என்பதை மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை மூடி, பேவர் பிளாக்கும் தாரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு பள்ளம், மணல், நிறுத்தி வைத்த ரிக்‌ஷா. அவற்றில் ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் நான் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்குவேன். பின்னால் வருகிறவர் பிரேக்கை மிதிப்பார், ஹாரனை அழுத்துவார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார். நான் இன்னும் பயந்து இன்னும் ஓரத்துக்குப் போவேன்.

தண்டவாளத்தில் வேலை பார்த்தவனுக்கு இது புரிய அத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. பாதையில் கேங் ஆட்கள் வேலை செய்யும்போது ரயில் வந்தால், பார்வையாள் விசில் ஊதுவார். ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கமாக விலகி நின்று, கையைத் தூக்கி மோட்டார்மேனுக்குக் காட்டுவார்கள். மோட்டார்மேன் நிம்மதியாகப் போவார். ஒரே ஒருவர் அந்தப் பக்கம் போகலாமா இந்தப் பக்கம் போகலாமா என்று தத்தளித்தால் போதும், மோட்டார்மேனுக்கு வியர்த்துவிடும். வண்டி ஸ்டேஷனில் நின்றதும் அவர் இறங்கி வந்து திட்டும் திட்டு இருக்கிறதே, அதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்தத் தொழிலாளி மேல் பகை எதுவும் கிடையாது. அந்த நொடியில் அவருக்கு வந்த பயம்தான் கோபமாக வெளியே வருகிறது.

சாலையிலும் பாதிக் கோபம் இப்படி வருவதுதான். 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டெம்போ நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் நொடிக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர் குறைகிறது. டிரைவர் நிலைமையை உணர்ந்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகுமென்றால், அதற்குள் பன்னிரண்டு மீட்டர் போய்விடும். சைக்கிள்காரன் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்பது டிரைவருக்குத் தெரிய வேண்டும். தெரியாதபோது அவருக்கு இருக்கும் ஒரே மொழி ஹாரன்.

ஆகவே என் முறையை மாற்றினேன். விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, அதே கோட்டில் நேராகப் போவது. நிற்கும் ரிக்‌ஷாவுக்கு வெகு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, கையை நீட்டுவது, பிறகு மெதுவாக விலகுவது. வழி விட்டவருக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்வது. பச்சை மஞ்சளாக மின்னும் மேல்சட்டை ஒன்றும், பின்னால் சிவப்பு விளக்கும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு எத்தனை ஹாரன், எத்தனை திட்டு என்று நோட்டில் கோடு போட்டு வைப்பேன். தொழில் புத்தி அது. இரண்டு மாதத்தில் கோடுகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. முன்பு "மர்னா ஹை க்யா" என்று கேட்ட அதே சாலையில் "ஆகே ஜாவ் அங்கிள்" என்று ஒரு டேங்கர் டிரைவர் வழிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தைரியமாக ஓட்டினால் மதிப்பார்கள், பயந்து ஓட்டினால் மிதிப்பார்கள் என்று போகிற இடமெல்லாம் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். நம் சங்கக் கூட்டத்தில்கூட ஒருநாள் பத்து நிமிஷம் பேசியிருக்கிறேன். அன்று கைதட்டியவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியையும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இட்லிக்காரப் பையன்

மும்பையில் சைக்கிளை உடற்பயிற்சிக்காக மிதிப்பவர்களைவிட வயிற்றுக்காக மிதிப்பவர்கள் அதிகம். டப்பாவாலா, பாவ் விற்பவர், பால்காரர், நம் இட்லிக்காரர். தாராவியில் விடியுமுன் எழுந்து அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் மெதுவடையும், தூக்கில் சட்னியும் சாம்பாருமாகக் கேரியரில் கட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் தமிழரை இந்த நகரத்தில் அறியாதவர் இல்லை. அவருக்கு நகரம் வைத்திருக்கும் பெயர் 'அண்ணா'. அது அன்பாகவும் ஒலிக்கும். சிக்னலில் பின்னால் நிற்கும் காரிலிருந்து "ஏ அண்ணா, சைடு மே சல்" என்று வரும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும்.

எங்கள் பகுதிக்கு இட்லி கொண்டுவரும் ஒருவர் முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர். தென்காசிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்பார். 2022-இல் ஊரிலிருந்து தம் அக்காள் மகனை வரவழைத்துத் தொழில் பழக்கினார். பையனுக்குப் பத்தொன்பது வயது. டிராம்பேயில் சீத்தா கேம்ப்பில் அறை எடுத்து இருவரும் தங்கியிருந்தார்கள். பையனுக்குக் கொடுத்த லைன் எங்கள் இணைப்புச் சாலை வழியாகச் செட்டா நகர் வரை.

ஒருநாள் பையன் இட்லியைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னான்: "சார், லாரிக்காரங்க ரொம்பத் திட்டுறாங்க. இடிக்கிற மாதிரியே வர்றாங்க."

எனக்கு அது போதாதா? காகிதம் எடுத்துப் படம் போட்டேன். மூன்றடிக் கணக்கு, தலையைத் திருப்பும் விதம், கை காட்டும் விதம் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். "ஓரத்துக்குப் போகாதே தம்பி. ரோடு உனக்கும் சொந்தம்தான். தைரியமா நேராப் போ, அவனே ஒதுங்கிப் போவான்" என்றேன். பையன் கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். "இப்பத் திட்டு கம்மியாயிருச்சு சார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

டிசம்பர் மாதம். மும்பையில் அப்போது சூரியன் உதிக்க ஏழு மணி ஆகும். பையன் சாலைக்கு வருவது ஆறு மணிக்கு. மேம்பாலத்துக்கு அடியில், விளக்கு எரியாத ஒரு பகுதியில், நான் சொல்லிக் கொடுத்த அதே மூன்றடிக் கோட்டில் நேராகப் போயிருக்கிறான். பின்னால் வந்த டெம்போ ஹாண்டில் பாரைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. காறை எலும்பு முறிவு, முழங்கையில் தையல். இட்லி, சாம்பார், பாத்திரம் எல்லாம் சாலையில். காலை நடைக்கு வந்த இருவர் அவனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது பையன் கையைத் தொட்டில் கட்டிப் படுத்திருந்தான். அவன் முதலில் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: "சார், அவன் ஹாரன்கூட அடிக்கல."

மாமாவின் பாடம்

மாமாக்காரர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனசுக்கு லேசாக இருந்திருக்கும். வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் சொல்லிக் கொடுத்துத்தான் இப்படி ஆகிப்போச்சு."

"நீங்க சொன்னது தப்பில்ல அண்ணாச்சி. நானும் நடுவுல ஏறித்தான் ஓட்டுவேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், பாத்துக்கிடுங்க. திட்டுறவன் நம்மளப் பாத்துட்டான். பாத்ததனாலதான் திட்டுதான். அவனால நமக்கு ஆபத்து கம்மி. பாக்காதவன் திட்ட மாட்டான். அவனுக்குத்தான் பயப்படணும்."

பிறகு தம் முப்பது ஆண்டுக் கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார். விடியுமுன் மேம்பாலத்துக்கு அடியில் அவர் சைக்கிளை மிதிப்பதே இல்லை. அந்த அரைக் கிலோமீட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டே கடப்பார். இரவு முழுக்க ஓட்டிய லாரிக்காரன் விடியற்காலை ஐந்திலிருந்து ஏழுக்குள் தூங்கித் தூங்கி விழுவான் என்பது அவர் அனுபவம். பெரிய வண்டி இடப்பக்கம் திரும்பப் போகிறது என்று தெரிந்தால் அதன் பக்கத்தில் போய் நிற்கவே மாட்டார். டிரைவர் முகம் கண்ணாடியில் தெரிந்தால்தான் தானும் அவனுக்குத் தெரிவோம் என்பது அவர் கணக்கு. ரப்பர் ஹாரன் வாடிக்கைக்காரருக்கு மட்டுமல்ல, முன்னால் தூங்கும் ரிக்‌ஷாவுக்கும் சேர்த்துத்தான்.

"தைரியம்னா ஏறத் தெரியணும், எறங்கவும் தெரியணும்" என்று முடித்தார்.

மறுநாள் போய்ப் பையனின் சைக்கிளைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கேரியரில் பெரிய பாத்திரம், அதைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு பின் மட்கார்டு வரை தொங்குகிறது. மட்கார்டில் இருந்த சிவப்புப் பிரதிபலிப்பான் அதற்குள் மறைந்து கிடக்கிறது. பின்னால் விளக்கே இல்லை. அதாவது இருட்டில் அந்தப் பையன் பின்னால் வருகிறவருக்கு இல்லவே இல்லை. நான் மின்னும் சட்டையும் சிவப்பு விளக்குமாக, பகல் வெளிச்சத்தில், வாரத்துக்கு ஒருநாள் போனவன். என் தைரியம் பலித்ததற்குக் காரணம் அந்தச் சட்டையும் வெளிச்சமும். பையனுக்குக் கோட்டை மட்டும் கொடுத்தேன், வெளிச்சத்தைக் கொடுக்கவில்லை.

ரயில்வேயில் பாதையை அடைத்து வேலை செய்யும்போது, தொழிலாளியைத் தைரியமாக இரு என்று சொல்லி அனுப்புவதில்லை. பிராட்கேஜ் பாதையில், வேலை நடக்கும் இடத்திலிருந்து 600 மீட்டரில் குறுக்கே பேனர் கொடி கட்ட வேண்டும். 1,200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வைக்க வேண்டும். கொடியைக் கண் தவறவிட்டாலும் வெடியைக் காது தவறவிடாது. மனிதன் தவறுவான் என்று வைத்துக்கொண்டுதான் அந்த விதியே எழுதப்பட்டிருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்தவன், சாலைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

ஆராய்ந்தவர்கள் சொல்வது

அதன்பிறகு இது பற்றிப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. வெளிநாட்டில் இருக்கும் என் மகள் சில கட்டுரைகளை அனுப்பி வைத்தாள்.

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது புதிய விஷயமே அல்ல. அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் 1970-களிலேயே, சைக்கிள் ஓட்டுபவர் தம்மை ஒரு வாகன ஓட்டியாகக் கருதி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிரிட்டனில் ஜான் ஃபிராங்க்ளின் 1988-இல் எழுதிய நூல், முந்த இடமில்லாத குறுகிய சாலையில் தடத்தின் நடுவே ஓட்டச் சொல்கிறது. 2022 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் சாலை விதி நூலிலும் அதைச் சேர்த்தார்கள். கூடவே, சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். சைக்கிள்காரனுக்கு ஒரு விதி, கார்காரனுக்கு ஒரு விதி. நான் பையனுக்குச் சொன்னதில் ஒன்றுதான் இருந்தது.

பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர் என்ற உளவியலாளர் தம் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார். 2007-இல் வெளியான அவர் ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அவரை முந்திய இடைவெளி இருக்கிறது. அவர் ஹெல்மெட் போட்டிருந்தபோது வாகனங்கள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் நெருங்கிப் போயின. பெண்ணைப் போல நீள முடி வைத்துக்கொண்டபோது தள்ளிப் போயின. விளிம்பிலிருந்து அவர் விலகி ஓட்டினால் டிரைவர்கள் அதே அளவு விலகிப் போகவில்லை, இடைவெளி குறையத்தான் செய்தது. ஹெல்மெட் பற்றிய எண்ணை மற்ற ஆய்வாளர்கள் பிறகு மறுத்திருக்கிறார்கள். ஆகவே யாரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம்.

அவரும் அவருடைய சகாக்களும் செய்த அடுத்த ஆய்வு சில ஆண்டுகள் கழித்து வந்தது. ஏழு விதமான உடைகள். பந்தய வீரன் போல ஒன்று, புதிதாகப் பழகுபவன் என்று முதுகில் எழுதிய சட்டை ஒன்று, இப்படி. தேர்ந்தவனைப் போல் தோன்றினால் நெருங்குவார்கள், பழகுபவன் என்றால் விலகுவார்கள் என்று நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. போலீஸ் என்றும் வீடியோ எடுக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்த சட்டை மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு இடம் வாங்கித் தந்தது. எந்த உடை போட்டாலும் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் அரை மீட்டருக்குள் உரசிக்கொண்டு போனார்கள்.

அந்த ஒருவர் இருவரைத்தான் இட்லிக்காரர் முப்பது ஆண்டுகளாக மனசில் வைத்து ஓட்டுகிறார். நம் தைரியம் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரிடம் செல்லுபடியாகும். இவர்களிடம் ஆகாது. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதும் அறிவுதான் என்பது வள்ளுவர் நமக்குச் சொல்லித் தந்த விஷயம். எந்த இடம் என்பதை அவரவர் சாலையில் அவரவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கிளும் அண்ணாவும்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னை 'அங்கிள்' என்று வழிவிட்ட சாலைதான் அந்தப் பையனை 'ஏ அண்ணா' என்று விரட்டியது. என் சைக்கிள் புதிது, தலையில் ஹெல்மெட், நரைத்த மீசை. அவனுடையது மூன்றாம் கை மாறிய பழைய வண்டி, காலில் ரப்பர் செருப்பு. இருவரும் ஒரே கோட்டில்தான் போனோம். டிரைவர் வண்டியை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் எடை போடுகிறார். 2019-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டுபவரை முழு மனிதருக்கு ஒரு படி கீழேதான் வைத்தார்கள். பணக்கார நாட்டில், உல்லாசத்துக்கு ஓட்டுபவர்களுக்கே இந்தக் கதி என்றால், வயிற்றுக்காக ஓட்டுபவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இதற்குத் தனி மனிதனின் தைரியம் மருந்தாகாது. எது மருந்தாகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் ஏறினார்கள். முதலில் ஏறியவர்கள் கேட்ட கேலியும் கெட்ட வார்த்தையும் கொஞ்சமல்ல. அவர்கள் இறங்கவில்லை, ஆனால் அவர்கள் தனியாகவும் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஊரில் ஒருத்தி ஓட்டினால் வேடிக்கை. நூறு பேர் ஓட்டினால் அது போக்குவரத்து. பிறகு கேலி செய்ய யாருக்கு நேரம்?

அமெரிக்கரான பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல நாட்டுக் கணக்குகளை வைத்து இதையே காட்டினார். சைக்கிள் அதிகமாக ஓடும் ஊர்களில், ஓட்டும் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைவு. கூட்டம் பாதுகாப்பைத் தருகிறதா, பாதுகாப்பான சாலை கூட்டத்தை அழைக்கிறதா என்பதில் விவாதம் இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சாலையைச் சரி செய்தாலும் அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும். இங்கே பாந்த்ரா–குர்லா வளாகத்தில் 2011-இல் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். அதில் கார்களை நிறுத்தினார்கள். பாதை வீணாகப் போயிற்று.

நம் அன்பர்களுக்கு

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இன்று கார் வைத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் சைக்கிளில் போனவராக இருக்கலாம். ஆகையால் உரிமையோடு சில வார்த்தைகள்.

சைக்கிள்காரர் ஓரத்தை விட்டு மூன்றடி தள்ளி வந்தால் திமிர் என்று நினைக்காதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. முந்தும்போது கையை நீட்டினால் அவரைத் தொட முடியாத தூரம் விடுங்கள். இடம் இல்லையென்றால் பத்து நொடி பின்னாலேயே வாருங்கள். பத்து நொடியில் எந்த ஆபீசும் மூடிவிடாது. ஹாரன் அடிப்பதாக இருந்தால் தூரத்திலேயே லேசாக அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அலற வைத்தால், பயந்தவர் உங்கள் பக்கமே சாய்வார்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு: முதலில் பின் விளக்கு, பிறகுதான் தைரியம். பாரம் கட்டினால் பாரத்தின் மேலேயே விளக்கைக் கட்டுங்கள். நேர் கோட்டில் போங்கள், திரும்புமுன் பின்னால் பாருங்கள். லாரியின் இடப்பக்கம் நுழையாதீர்கள். திட்டினால் பதில் திட்டு வேண்டாம். அவர் உங்களைப் பார்த்துவிட்டார், அது போதும். இருட்டும் வளைவும் சேர்ந்த இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

பையன் ஏழு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்த நாட்களின் வருமானத்தைக் கொடுக்கிறேன் என்று போனேன். மாமாக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. "அப்போ ரெண்டு விளக்கு வாங்கிக் குடுங்க அண்ணாச்சி, எனக்கும் சேத்து" என்றார். நான்கு வாங்கினேன். பாத்திரத்தின் பின்பக்கம் முழுவதும் சிவப்பு மஞ்சள் ஒளிப்பட்டையை நானே ஒட்டினேன். நீல விரிப்பைப் பின்னால் தொங்காதபடி வெட்டித் தைத்தோம்.

பையன் இப்போது ஆறரை மணிக்குத்தான் கிளம்புகிறான். அதிகாலை ஷிஃப்ட்டுக்குப் போகும் வாடிக்கைக்காரர் சிலர் போய்விட்டார்கள் என்று மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மேம்பாலத்துக்கு அடியில் இருட்டுப் பகுதியில் இறங்கித் தள்ளுகிறான், அப்பால் போய் ஏறிக்கொள்கிறான். ஏறிய பிறகு ஓரத்துக்குப் போவதில்லை. அதே மூன்றடிக் கோட்டில்தான் போகிறான்.

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியில் சில நாள் அவனுக்குப் பின்னாலேயே நானும் போவதுண்டு. சென்ற வாரம் ஒரு டேங்கர் எங்கள் இருவரையும் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தது. பையன் திரும்பி என்னைப் பார்த்து, "பாத்துட்டான் சார்" என்றான். கையைத் தூக்கி டேங்கர்காரருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, தன் ரப்பர் ஹாரனை இரண்டு முறை அமுக்கினான்.